திண்ணை தாண்டி உள்ள வந்த நாய்

போன மாசம் மிளகாய்க்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்தேன். சென்னையில இருந்து அண்ணன் மகன் போன் பண்ணினான். "சித்தப்பா, நீங்க குடுத்த குட்டியத் திரும்பக் கூட்டிட்டுப் போயிருங்க. வீடு பூரா மூத்திரம். அடிச்சுப் பாத்துட்டேன், மூக்கைப் பிடிச்சு அதுலயே தேச்சும் பாத்துட்டேன். புத்தி வரல. நீங்க வரலைன்னா தெருவுல விட்டுருவேன்."

எங்க கிணத்து மோட்டார் ரூமுக்குப் பின்னாடி பொறந்த குட்டி அது. ரெண்டு மாசம் முடிஞ்சதும் நான்தான் அட்டைப்பெட்டியில வச்சுக் குடுத்துவிட்டேன். எனக்குக் கோவம் வந்துச்சு. ஆனா அவனுக்குச் சொல்ல எங்கிட்ட வழியும் இல்ல. நாப்பது வருசமா நாய் வளக்குறேன். ஒண்ணுக்குக்கூட 'இங்க போ, அங்க போகாத'ன்னு சொல்லிக் குடுத்தது கிடையாது. அது ஏன்னு தேடிப் பாத்தப்ப கிடைச்ச கதைதான் இது.

செங்கம் பக்கம் எடத்தனூர்னு ஒரு ஊர். அங்க ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒண்ணு இருக்கு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவகத்தி என்பவனுக்காக நட்டது. அதே கல்லுல அவனோட நாயும் இருக்கு. பேரு கோவிவன். ரெண்டு கள்ளனைக் கடிச்சுக் காவல் காத்ததா எழுதியிருக்காங்க. ஆயிரத்து நானூறு வருசம் முன்னாடி ஒரு நாய்க்குப் பேர் வச்சு, அந்தப் பேரைக் கல்லுலயும் வெட்டி வச்சிருக்காங்க! ஆனா அதோட வேலை மாட்டுப் பக்கம்தான். நாய்க்கு மரியாதை வேற, வீட்டுக்குள்ள இடம் வேற.

எங்க வீட்டுலயும் அப்படித்தான். திண்ணை வரைக்கும் நாய் வரலாம். நிலைப்படியில கால் வச்சா எங்க ஆத்தா விளக்குமாத்தைத் தூக்கிரும். அதுக்குப் பிரியம் இல்லாம இல்ல, நாய்க்குச் சோறு வைக்காம அது சாப்பிடாது. இருந்தாலும் கோடு கோடுதான். வெளியில காடு கரையெல்லாம் நாயோடது. எங்க போச்சுன்னு யாரும் பாத்தது கிடையாது. அதனால பழக்க வேண்டிய தேவையே வரல. இதை எங்க கெட்டிக்காரத்தனம்னு பெருமையாச் சொல்லிக்க முடியாது.

அப்ப இந்தத் தொல்லை எங்க ஆரம்பிச்சுது? பெரிய பட்டணங்கள்லதான். அரண்மனையில மடிநாய் வளத்தவங்க முன்னாடியும் உண்டு. ஆனா அங்க சுத்தம் பண்ண ஆள் இருந்துச்சு.

லண்டன்ல ஒரு காலத்துல நாய்ப்பீயைக் காசு குடுத்து வாங்கியிருக்காங்க. தோல் பதனிடுற எடத்துல மெல்லிசான தோலை மிருதுவாக்க அது வேணும். ஏழைபாழைங்க தெருத்தெருவாப் பொறுக்கி, வாளிக்கணக்குல பெர்மாண்ட்ஸி பக்கத்துத் தோல் பட்டறைகளுக்கு வித்திருக்காங்க. 1851-ல ஹென்றி மேஹ்யூங்கிறவர் அவங்க பொழைப்பைப் புத்தகத்துல விரிவா எழுதி வச்சிருக்கார்.

கொஞ்ச நாள்லயே காத்து மாறுச்சு. 1859-ல இங்கிலாந்துல நியூகாசில் ஊர்ல நாய்க் கண்காட்சி நடந்துச்சு. 1873-ல கென்னல் கிளப் வந்துச்சு. வேலைக்கு நாய் வச்சிருந்த காலம் போய், அழகுக்கும் ஆசைக்கும் நடுத்தரக் குடும்பங்க வளக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் அடுக்குமாடி வந்துச்சு. நாய்க்கு மண்ணு இல்லாமப் போச்சு. கடைசியில 1978-ல நியூயார்க்ல, நாய் போனதை வளக்குறவங்களே அள்ளணும்னு சட்டமே போட்டாங்க. ஒரு காலத்துல பொறுக்கி வித்த பொருள், அள்ளாட்டி அபராதம்னு ஆயிருச்சு. மாறினது நாய் இல்ல, நாம இருக்குற வீடுதான்.

இதுல இன்னொண்ணும் இருக்கு. நாய்க்குச் சுத்தத்தை நாம கத்துக் குடுக்க வேண்டியதில்ல. பொறந்து மூணு வாரம் வரைக்கும் தாய் நக்கி விட்டாத்தான் குட்டி மூத்திரமே போகும். தாயே அதைச் சுத்தமும் பண்ணிரும். அதுக்கப்புறம் நடை பழகினதும், படுத்த எடத்தை விட்டுத் தள்ளாடித் தள்ளாடி வெளியில வந்துதான் போகும். எங்க மோட்டார் ரூம் பக்கம் எத்தனையோ தடவை பாத்திருக்கேன். அப்படி மண்ணுல போய்ப் பழகின குட்டியைக் கொண்டுபோய் வழவழன்னு டைல்ஸ் தரையில விட்டா அது என்ன செய்யும்? 'படுக்கிற எடம்' எது, 'வெளிய' எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு மாசக் குட்டியால ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல அடக்கவும் முடியாது.

அடிச்சா அது கத்துக்கிறது ஒண்ணுதான்: இவன் பாக்குறப்ப போகக்கூடாது. அதனால சோபாவுக்குப் பின்னாடி போகும்.

அடுத்த வாரம் ஒரு உரச்சாக்குல நம்ம தோட்டத்து மண்ணைக் கட்டிக்கிட்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் ஒரு மாதிரிப் பாத்தார். அங்க போய்ப் பால்கனியில அகலத் தட்டு வச்சு மண்ணைப் பரப்பினேன். மூத்திரம் தொடச்ச துணியை அதுல ஒரு ஓரமாப் போட்டேன். "தூங்கி எந்திரிச்சதும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும் இங்க தூக்கிட்டு வா. போனதும் தடவிக் குடு. உள்ள போயிட்டா வாயைத் திறக்காமத் தொடச்சிரு. வாடை துளிகூட இருக்கக்கூடாது, இருந்தா அதே எடத்துக்குத் திரும்ப வரும்"னு சொல்லிட்டு வந்தேன்.

நான் உள்ள நுழைஞ்சப்ப அந்தக் குட்டி வாலை இடுக்கிக்கிட்டு மேசைக்கு அடியில போனது இன்னும் மனசுல நிக்குது. மண்ணைக் கொட்டினதும் வந்து மோந்து மோந்து பாத்துச்சு.

நேத்து போன் வந்துச்சு. மூணு வாரத்துல ரெண்டே தடவைதான் தப்பு நடந்துச்சாம். "இப்பல்லாம் பால்கனி கதவுகிட்டப் போய் நின்னு என்னையத் திரும்பிப் பாக்குது சித்தப்பா"ன்னான்.

கதவைத் திறந்து விட்டியான்னுதான் கேட்டேன்.