முட்டை தினமும் வருது... குஞ்சு ஏன் வரல? வீட்டு வாத்து வளர்ப்பில் தெரிஞ்சுக்க வேண்டியவை!

திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் வாத்துக்கும் நீண்ட தொடர்பு உண்டு. நாட்டு வாத்துகளில் ஒரு வகைக்கு ‘ஆரணி வாத்து’ன்னே பேர். அறுவடை முடிஞ்ச நெல் வயல்ல நூற்றுக்கணக்கான வாத்துகளை மேய விட்டுக்கிட்டு, ஊர் ஊரா போற மேய்ச்சல்காரர்களை இங்கே பலரும் பார்த்திருப்போம். இப்போ அதே வாத்துகளை நாலஞ்சு வாங்கி வீட்டுத் தோட்டத்துல வளர்க்குறவங்களும் இருக்காங்க.

ஆனா பலருக்கும் ஒரே குழப்பம். முட்டை கிடைக்குது, அடை வெச்சா எல்லாம் கூமுட்டை ஆகுது. ஒரு மாசக் காத்திருப்பும், வித்திருக்க வேண்டிய முட்டையும் சேர்ந்து வீணாகுது. காரணம் என்ன? ஒவ்வொன்னா பார்ப்போம்.

வாத்து எப்போ முட்டை போடும்?

பெரும்பாலான வாத்துகள் 5 முதல் 6 மாத வயதில் முட்டையிடத் தொடங்கும். விடியற்காலையில் இருந்து காலை 9 மணிக்குள் முட்டை வந்துடும். அதனால காலையிலேயே கூண்டைத் திறந்துவிட்டா, வாத்து குளத்துலயும் புதர்லயும் முட்டை போட்டுட்டு வந்து நிக்கும். ‘முட்டையே போடல’ன்னு புகார் சொல்றவங்க முதல்ல இதைச் சரிபார்க்கணும்.

முட்டைக்குப் பேர் போனது காக்கி கேம்பல் ரகம். நல்ல பராமரிப்புல வருஷத்துக்கு 300 முட்டை வரைக்கும் கொடுக்கும். பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள மத்திய அரசுப் பண்ணையில் இந்த ரகம் வளர்க்கப்படுது. நாட்டு வாத்து இவ்வளவு போடாது. ஆனா வயல்ல மேஞ்சே வயிற்றை நிரப்பிக்கும், தீவனச் செலவு குறைவு.

திடீர்னு முட்டை நின்னு போச்சா?

இறகு உதிரும் காலத்தில் சில வாரங்கள் முட்டை நிற்பது இயல்புதான். பகல் வெளிச்சம் குறையும் மாதங்களிலும் முட்டை குறையும். முட்டையிடும் வாத்துக்கு ஒரு நாளைக்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் தேவை. ஓடு மெலிசா இருந்தா சுண்ணாம்புச் சத்து குறையுதுன்னு அர்த்தம், கிளிஞ்சல் தூள் கொடுக்கலாம்.

நம்ம மாவட்டத்துக்காரங்க முக்கியமா கவனிக்க வேண்டியது கடலைப் புண்ணாக்கு. மணிலா விளையும் ஊர் என்பதால புண்ணாக்கு சுலபமா கிடைக்கும். ஆனா அதுல பூஞ்சணம் பிடிச்சிருந்தா உருவாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு, கோழியைவிட வாத்தை வேகமா பாதிக்கும். கல்லீரல் கெட்டு வாத்து செத்தே போகலாம். பூஞ்சணம் பிடிச்ச மக்காச்சோளமும் அப்படித்தான்.

ஆண் வாத்து இல்லாம முட்டை வருமா?

தாராளமா வரும். சாப்பிடவும் நல்லது. ஆனா அந்த முட்டை குஞ்சு பொரிக்காது. குஞ்சு வேணும்னா 5 அல்லது 6 பெட்டைக்கு ஒரு ஆண் வாத்து இருக்கணும். ஆண் அதிகமா இருந்தாலும் ஆபத்துதான், பெட்டையைத் துரத்தித் துரத்திக் காயப்படுத்திடும்.

எது ஆண்? வால் பக்கம் சுருண்ட இறகு இருந்தா ஆண். குரலும் கம்மலா இருக்கும். உரக்க ‘குவாக் குவாக்’னு கத்துறது பெட்டை.

ஆணைச் சேர்த்த மறுநாளே முட்டையை அடைக்கு எடுக்கக் கூடாது. 10 நாள் முதல் 2 வாரம் பொறுக்கணும். அதேபோல ஆணைப் பிரிச்ச பிறகும் சுமார் ஒரு வாரத்துக்குக் கரு கூடிய முட்டை வரலாம். பெட்டையின் உடலுக்குள் விந்து அத்தனை நாள் உயிரோடு தங்கும்.

அடை உட்கார மாட்டேங்குதே?

இது வாத்தோட குறை இல்ல. அதிக முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், காக்கி கேம்பல் போன்ற ரகங்கள் அடைகாக்கும் குணத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. அடை உட்கார்ந்தா முட்டை நின்னுடும் இல்லையா? நல்லா அடை உட்காருவது, முகத்தில் சிவப்புச் சதை உள்ள மணிலா வாத்துதான்.

வாத்து அடைக்குத் தயாரானா கூட்டை விட்டு எழுந்திருக்காது. கிட்ட போனா சீறும். நெஞ்சு இறகைப் பிடுங்கிக் கூட்டில் பரப்பும். குஞ்சு வேண்டாம்னா, வெளிச்சமான இடத்தில் கம்பி அடித்தளம் உள்ள கூண்டில் தீவனம், தண்ணீரோடு 3, 4 நாள் விட்டா அடை தெளிஞ்சிடும்.

அடைக்கோழிக்கு வைக்கும்போது...

நம்ம ஊர்ப் பழக்கம் அடைக்கோழிதான். நாட்டுக்கோழி ஒன்னுக்கு 8 முதல் 10 வாத்து முட்டை போதும். கவனிக்க வேண்டியவை:

• ஒரு வாரத்துக்குள் போட்ட, சுத்தமான, விரிசல் இல்லாத முட்டையை மட்டும் வைக்கணும்.

• கோழி முட்டை பொரிக்க 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள், மணிலா வாத்துக்கு 35 நாள். கோழி முட்டையையும் வாத்து முட்டையையும் ஒரே நாளில் சேர்த்து வெச்சா, 21ஆம் நாள் கோழி தன் குஞ்சுகளோடு இறங்கிப் போயிடும். வாத்து முட்டை பாதியில் வீணாகும். சேர்த்து வைக்கணும்னா, வாத்து முட்டையை 7 நாள் முன்னாடியே வைக்கணும்.

• தாய் வாத்து ஈர இறகோடு வந்து உட்காரும், கோழி அப்படி இல்ல. அதனால வெதுவெதுப்பான தண்ணீரை முட்டை மேல லேசா தெளிக்கணும்.

• வாத்து முட்டை பெருசு, கோழியால் சரியா புரட்ட முடியாம போகலாம். நாமே தினமும் மெல்லத் திருப்பிவிடணும். கடைசி 3 நாள் மட்டும் தொடக் கூடாது.

• 7ஆம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டையின் தடித்த முனையில் வெச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி ரத்த நாளம் தெரிஞ்சா கரு இருக்கு. தெளிவா இருந்தா அது கரு கூடாத முட்டை, எடுத்துடலாம்.

பொரிச்ச பிறகு?

வாத்துக் குஞ்சாச்சே, நீந்தும்னு உடனே தண்ணீரில் விடாதீங்க. தாய் வாத்து இல்லாம பொரிச்ச குஞ்சு நனைஞ்சு குளிரில் விறைச்சிடும். குடிக்க ஆழமில்லாத தட்டில் தண்ணீர் போதும். வளர்ந்த வாத்துக்கும் குளம் கட்டாயம் இல்ல. தலையை முழுசா முக்கிக் கழுவ 5, 6 அங்குல ஆழத் தொட்டி இருந்தாலே கண், மூக்கு சுத்தமா இருக்கும்.

முட்டை குறையுறதோட கண் வீக்கம், பச்சை நிறக் கழிச்சல், கழுத்து தொங்குவது போன்ற அறிகுறி தெரிஞ்சா வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போகணும். வளர்ப்புப் பயிற்சி பற்றித் திருவண்ணாமலையில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்தில் கேட்கலாம்.