எட்டுப் பையன்களும் ஒரு சங்கிலியும்

கிண்டி பொறியியல் கல்லூரிக்குப் பிறந்தநாள் 1794 மே 17 என்பார்கள். அன்று பிறந்தது கல்லூரி அல்ல. சென்னைக் கோட்டையை ஒட்டித் தொடங்கப்பட்ட ஒரு சின்ன நில அளவைப் பள்ளி. மாணவர்கள் எட்டுப் பேர். தொடங்கியவர் மைக்கேல் டாப்பிங், கம்பெனியின் வானியலாளர்.

அந்த எட்டுப் பேரும் ஆதரவற்றோர் விடுதிப் பையன்கள். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தகப்பன் வெள்ளைச் சிப்பாய், தாய் இந்நாட்டுப் பெண். 1791 முதல் இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்குக் கம்பெனியின் உயர் உத்தியோகங்களை மறுத்து உத்தரவு வந்துவிட்டது. அதிகாரியாக முடியாது, தாய் வீட்டுத் தொழிலும் தெரியாது. அளவையாளர்களுக்கோ குறைந்த சம்பளத்தில் நிலைத்து வேலை பார்க்க ஆள் வேண்டும். இரண்டு தேவையும் ஒன்றாகச் சேர்ந்தன. இதைக் கருணை என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆயுசு முழுக்க அரசாங்கக் கோப்புகளைப் புரட்டியவன் என்பதால், எனக்கு இதில் சிக்கனக் கணக்குதான் முதலில் தெரிகிறது.

அந்த விடுதிப் பள்ளியும் சாதாரணமானதல்ல. ஆண்ட்ரூ பெல் அதன் கண்காணிப்பாளர். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதையே தன் பையன்களுக்கும் வைத்தார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித்தரும் முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 'மதராஸ் முறை' என்று பெயர் வாங்கினார்.

டாப்பிங்குக்கு ஏன் அவசரம்? ஏரிகளையும் வாய்க்கால்களையும் செப்பனிடும் பொறுப்பும் அவர் தலையில் வந்திருந்தது. இதில் இரண்டு வேலை இருக்கிறது. மண்ணில் உள்ளதை அளந்து தாளுக்குக் கொண்டுபோவது ஒன்று. தாளில் போட்ட கோட்டை மறுபடி மண்ணில் இறக்கி, முளை அடித்து, நூல் பிடித்துக் காட்டுவது இன்னொன்று. இரண்டாவதுதான் கஷ்டம் என்பேன். தாளில் தப்பு நேர்ந்தால் அழிக்கலாம். வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓட மறுத்தால் என்ன செய்வது? நம் கொத்தனார் இன்றும் கடைக்காலுக்குக் கயிற்றில் மூன்று, நாலு, ஐந்து என்று அளந்து மூலையைச் சதுரமாக்குகிறாரே, தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துப் பார்க்கிறாரே, அதுவும் அந்த இரண்டாம் வேலைதான்.

டாப்பிங் 1796-லேயே மசூலிப்பட்டணத்தில் இறந்துபோனார். பள்ளி நின்றுவிடவில்லை, கோல்டிங்காம் ஏற்று நடத்தினார்.

அந்தப் பள்ளியிலிருந்து வந்த ஒரு பையனின் பெயர் சரித்திரத்தில் நன்றாகவே பதிந்திருக்கிறது: ஜோசுவா டி பென்னிங். வில்லியம் லாம்டனிடம் பயிற்சியாளாகச் சேர்ந்தார். 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் லாம்டன் அடிக்கோடு அளந்தார், ஏழரை மைல். எஃகுச் சங்கிலி நூறடி நீளம், நாற்பது கண்ணி. சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகப் போய், அங்கே ஏற்கப்படாமல் திரும்பிவந்த சங்கிலி அது! சித்திரை வெயிலில் எஃகு நீளும். ஃபாரன்ஹீட்டில் பத்து டிகிரி கூடினால் நூறடிக்கு இரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் ஏழரை மைலுக்குச் சங்கிலியை ஏறக்குறைய 400 முறை வைக்க வேண்டும். பிழை முக்கால் மீட்டரைத் தாண்டிவிடும். அதனால் சங்கிலியை மரப்பெட்டியில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, பக்கத்தில் வெப்பமானி வைத்து அளந்தார்கள். அந்த ஒரு கோட்டின் மேல்தான் பிறகு இந்தியா முழுவதும் முக்கோணம் முக்கோணமாக விரிந்தது.

1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் அரை டன் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது, வட்டம் நெளிந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகிடந்து ஆறு வாரம் போல அதை நிமிர்த்திக்கொண்டிருந்தார். லாம்டன் 1823-ல் இறந்த பிறகும் டி பென்னிங் அளவை வேலையில் இருந்தார். பின்னாளில் கல்கத்தாக் கணக்கீட்டு அலுவலகத்திலும் பணி செய்தார். விடுதிப் பையன்!

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு மீட்டரின் கதையை ஒப்பிக்காத குறையாகச் சொல்லித்தந்தார்கள். 1792-ல் தெலாம்பரும் மெஷேனும் டன்கர்க்கிலிருந்து பார்சலோனா வரை பூமியை அளக்கப் புறப்பட்டது, வழியில் புரட்சிக்காரர்களிடம் சிக்கியது எல்லாம் மனப்பாடம். அவர்கள் அளந்துகொண்டிருந்த அதே வருஷங்களில்தான், எங்களுக்கு நூறு மைலுக்குள், இந்த எட்டுப் பேர் சங்கிலி பிடிக்கக் கற்றார்கள். அதை ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. பரங்கிமலையைத் தாண்டிச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் இது எனக்கு உறுத்தும்.

பள்ளி 1858-ல் சிவில் எஞ்சினியரிங் பள்ளியாகி, அடுத்த வருஷமே கல்லூரியாகி, 1920-ல் கிண்டிக்குப் போனது. அந்தக் காலத்து வான்நோக்கு நிலையத்தின் கருங்கல் தூண் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது.