மண், நீர், விளக்கு: மயிலைக் கிறித்தவ மரபில் அன்றாடப் புனிதம்

முன்னுரை

மயிலாப்பூர்க் கிறித்தவத்தின் வரலாறு பெரும்பாலும் கட்டடங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இன்று நாம் காணும் சாந்தோம் பேராலயம் 1896-இல் அர்ச்சிக்கப்பட்டது. அங்கு நிலவிய பக்தியோ அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. அந்தப் பக்தி கையில் அள்ளிய மண்ணையும் ஊற்று நீரையும் எண்ணெய் விளக்கையும் பற்றி வளர்ந்தது. எளிய மக்கள் அன்றாடப் பொருள்களில் கண்ட புனிதத்தைத் திருச்சபை எவ்வாறு ஐயுற்றது, எவ்வாறு ஆராய்ந்து ஏற்றது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளக்கும் மண்ணும்

ஆறாம் நூற்றாண்டின் இறுதியில், தூர் நகர ஆயர் கிரெகோரி இந்தியாவிலுள்ள, இயேசுவின் சீடரான புனித தோமாவின் தலம் பற்றி ஒரு செய்தியைப் பதிவு செய்தார். அங்கே எண்ணெயும் திரியும் மாற்றப்படாமலே இரவும் பகலும் ஒரு விளக்கு எரிவதாக, நேரில் சென்று வந்த ஒருவர் அவரிடம் கூறினாராம். ஊரின் பெயர் அக்குறிப்பில் இல்லை. இங்கே புனிதம் என்பது மனிதக் கை படாத அற்புதம்.

ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்குப் பின், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட மார்க்கோ போலோவின் பயணக் குறிப்பில் பார்வை மாறுகிறது. திருத்தலப் பயணிகள் புனிதர் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துச் சென்று, முறைக்காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு நீரில் கலந்து கொடுத்தனர் என்கிறது அக்குறிப்பு. முகமதியரும் அப்புனிதரைப் போற்றினர் என்பதையும் அது சொல்கிறது. புனிதம் இப்போது தலத்தோடு நிற்கவில்லை. நோயாளியின் பாய் வரைக்கும், தண்ணீர்க் குவளை வரைக்கும் வந்துவிட்டது.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துகீசியர் துவார்த்தே பர்போசா காட்டுவது இன்னும் ஆழமானது. தோமாவின் கோயில் சிதைந்து கிடந்தது. ஏழை முஸ்லிம் ஒருவர் பிச்சை எடுத்துத் திரட்டிய காசில் அங்கே விளக்கு எரியவைத்தார். கிரெகோரியின் விளக்குக்கு எண்ணெய் தேவைப்படவில்லை. பர்போசாவின் விளக்குக்கு ஒவ்வொரு நாளும் எண்ணெய் வேண்டும், அதற்காக ஒருவர் நடக்க வேண்டும், கை நீட்ட வேண்டும். அன்றாட உழைப்பே வழிபாடாவதை மயிலையில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் பதிவு வேறில்லை. அதைச் செய்தவர் கிறித்தவர் அல்லர் என்பதும் நம் கவனத்துக்குரியது.

ஆலயங்களும் ஊற்றும்

போர்த்துகீசியர் வந்தபின் பக்திக்குக் கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தன. 1523-இல் தோமாவின் கல்லறை எனப் போற்றப்பட்ட இடம் தோண்டப்பட்டது. 1547-இல் பரங்கிமலையில் பகலவி என்னும் பழைய பாரசீக எழுத்துப் பொறித்த கற்சிலுவை கிடைத்தது. 1551-இல் அடையாற்றின் கரையிலுள்ள சின்னமலையில் ஆலயம் எழுந்தது. லஸ் ஆலயக் கல்வெட்டு 1516 என்ற ஆண்டைச் சுட்டுகிறது; அவ்வாண்டு பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கரை தெரியாமல் தவித்த மாலுமிகளை ஓர் ஒளி வழிநடத்தியது என்பது அவ்வாலயத்தின் மரபுக் கதை. அவ்வாலயத்தை மக்கள் காட்டுக்கோயில் என்றே அழைத்தனர்.

கட்டடங்கள் பெருகியும் பழைய போக்கு மறையவில்லை. தாகத்தோடு வந்த மக்களுக்காகத் தோமா பாறையிலிருந்து நீர் வரவழைத்தார் என்று சின்னமலை மரபு சொல்கிறது. ஊற்று நீரை மக்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்வது அம்மரபின் தொடர்ச்சி. வீடு மந்திரிப்பதும், மந்திரித்த எண்ணெயை நோயாளிக்குப் பூசுவதும், வண்டி வாங்கினால் முதலில் கோயிலுக்குக் கொண்டுவருவதும் இதே வழியில் வந்தவை.

சடங்குச் சர்ச்சை

அன்றாட வாழ்வில் எது புனிதம், எது விலக்கத்தக்கது என்ற கேள்வி 1704-இல் கடுமையாக எழுந்தது. திருத்தந்தையின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, தாலியின் வடிவம், பூப்புச் சடங்கு, நெற்றிச் சாம்பல், நீராடும் முறை வரை தமிழ்க் கிறித்தவரின் வீட்டு வழக்கங்கள் பலவற்றைத் தடுத்தது. அவ்வழக்கங்களுக்காக உரோமையில் வாதாடிய இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் லாயினெஸ் பின்னர் மயிலை ஆயரானார்.

இச்சர்ச்சையை அந்நியர் ஆணைக்கும் மண்ணின் மரபுக்கும் இடையிலான மோதலாக மட்டும் சுருக்குவது நேர்மையாகாது. ஒடுக்கப்பட்ட சாதியினரின் வீட்டுக்குள் சென்று நோயாளிக்கு அருட்சாதனம் வழங்க வேண்டும் என்றும் அதே ஆணை வற்புறுத்தியது. காக்கப்பட்ட வழக்கங்களுக்குள் தீண்டாமையும் இருந்தது. ஆகவே அன்றாடம் என்பதாலேயே எதுவும் புனிதமாகிவிடாது. வாசற்படி தாண்டி ஏழையின் வீட்டுக்குள் நுழைய மறுக்கும் வழக்கத்துக்கு, அது எவ்வளவு பழமையானதாக இருந்தாலும், நற்செய்தியில் இடமில்லை.

சங்கத்துக்குப் பின்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. 1964-இல், தூய வாழ்வுக்கான அழைப்பு துறவியருக்கு மட்டுமன்று, குடும்பத்திலும் தொழிலிலும் வாழும் பொதுநிலையினர் அனைவருக்கும் உரியது என்று அறிவித்தது. 1969-இல் இந்திய வழிபாட்டுக்கு உரோமை இசைவளித்த பன்னிரு தழுவல்களில், காலணி கழற்றுதல், தரையில் அமர்தல், ஆரத்தி எடுத்தல் ஆகியவற்றோடு மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றுவதும் இடம்பெற்றது. பர்போசா குறிப்பிட்ட ஏழையின் விளக்கு இவ்வாறு பீடத்தில் ஏற உரிமை பெற்றது.

1972-இல் பெசன்ட் நகரில் அன்னை வேளாங்கண்ணி ஆலயம் எழுந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை, காவி உடுத்து வெறுங்காலோடு நடந்துவரும் மக்களில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. நேர்ச்சையாக அவர்கள் சுமந்து வருவது வேலை, பிள்ளைப்பேறு, கடன், நோய் என்ற அன்றாடக் கவலைகளையே.

முடிவுரை

தோமா தொட்டுப் பார்த்து நம்பியவர். கடவுள் மனித உடல் எடுத்தார் என்று நம்பும் சமயத்தில், தொடக்கூடிய பொருள்கள் வழியே இறையைத் தேடுவது அறியாமை ஆகாது; அது அந்நம்பிக்கையின் நேர் விளைவு. அதை முதலில் உணர்ந்தவர்கள் மயிலையின் எளிய மக்கள். திருச்சபையின் ஆவணங்கள் பின்னரே அதை எழுத்தில் வடித்தன. ஆனால் அம்மக்களின் வழக்கங்கள் ஆலய வரலாறுகளில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகின்றன. குப்பங்களிலும் பழைய பங்குகளிலும் வாழும் முதியோரிடம் இவ்வழக்கங்களைக் கேட்டுப் பதிவு செய்ய ஆய்வு மாணவர்கள் முன்வர வேண்டும். இன்னும் ஒரு தலைமுறை கழிந்தால் கேட்பதற்கு ஆள் இருக்காது.