தெருநாய்க் குட்டியும் பட்ஜியும்: பயம் தெளியும் இரண்டு வழிகள்

நாய் வளர்த்துப் பழகிய வீடுகளில் பட்ஜி என்ற சிறு கிளி பயந்தே கிடப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அவை அன்பில்லாத வீடுகள் அல்ல. தெருவில் நடுங்கிக் கிடந்த குட்டியைத் தூக்கி வந்து, பால்சோறு ஊட்டி ஆளாக்கியவர்களின் வீடுகள். அந்தக் குட்டியிடம் பலித்ததையெல்லாம் அவர்கள் பறவையிடமும் செய்கிறார்கள். முகத்துக்கு நேரே முகம் வைத்துக் கொஞ்சுகிறார்கள். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய்த் தடவப் பார்க்கிறார்கள். கூண்டுக்குள் கையை விட்டுத் தூக்குகிறார்கள். குட்டி காலோடு ஒட்டிக்கொண்டது. பட்ஜியோ கூண்டின் பின்கம்பியோடு ஒட்டிக்கொள்கிறது. கொஞ்ச நாளில் “இது பழகாத ஜாதி” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. இரண்டுக்குமே பயம் தெளியும். தெளிகிற வழிதான் வேறு.

பரம்பரையிலிருந்தே இந்த வேறுபாடு தொடங்குகிறது. ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காஸலில் 1914இல் கண்டெடுத்த ஒரு புதைகுழியில், மனிதர்களோடு சேர்த்து ஒரு நாய்க்குட்டியும் புதைக்கப்பட்டிருந்தது. அந்தப் புதைகுழியின் வயது ஏறக்குறைய 14,000 ஆண்டுகள். மனிதனுக்கு அஞ்சாத நாய்தான் மனிதனருகே பிழைத்துப் பெருகியது. அப்படிப்பட்ட தேர்வு எத்தனை வேகமாக வேலை செய்யும் என்பதை ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் திமித்ரி பெல்யாயெவ் காட்டினார். 1959இல் தொடங்கிய அந்தச் சோதனையில், பண்ணை நரிகளில் ஆளைக் கண்டு குறைவாக மிரண்டவற்றை மட்டும் இணை சேர்த்தார்கள். சில தலைமுறைகளிலேயே மனிதரைப் பார்த்து வாலாட்டும் நரிகள் பிறந்தன.

பட்ஜிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில், மழை பெய்த இடத்தைத் தேடிப் பெருங்கூட்டமாக அலைந்து புல்விதை தின்னும் பறவை அது. ஜான் கோல்ட் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது 1840இல்தான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மஞ்சளும் நீலமும் வந்துவிட்டன. வளர்த்தவர்கள் பெரும்பாலும் தேடியது நிறத்தை. கண்காட்சிக்காரர்கள் தேடியது பெரிய தலையை. மிரளாத குஞ்சாகப் பார்த்துப் பெருக்க வேண்டும் என்பது அவர்களுடைய முதல் நோக்கமாக இருக்கவில்லை. நம் ஊர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று ஜோடி ஜோடியாக விற்கும் பறவைகளில் பெரும்பாலானவை பானை கட்டிய பெரிய கூண்டில் பிறந்து வளர்ந்தவை. அவற்றுக்குத் தெரிந்த மனிதக் கை ஒன்றே ஒன்றுதான். துரத்திப் பிடித்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் திணித்த கை. உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது அது அந்த நினைப்போடுதான் வருகிறது.

அடுத்தது பார்வை. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால், பாசத்தோடு தொடர்புள்ள ஆக்ஸிடோசின் இருவரிடமும் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் கண்டறிந்தார்கள். பயந்த தெருக்குட்டியை முதல் நாளே முறைத்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் கொஞ்சம் பழகியபின் கண்தான் அதனோடு பேசுகிறது. பறவை விஷயம் நேர்மாறு. மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளை வைத்து இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. தீனிக் கிண்ணத்தை ஒரு மனிதர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவை தயங்கின. அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பியதும் சீக்கிரமே வந்து, அதிகமாகத் தின்றன. பட்ஜியின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. தன்னையே குறிவைத்து முன்னோக்கிப் பார்க்கும் இரண்டு கண்கள் அதற்கு வேட்டையாடும் விலங்கின் கண்கள். ஆகவே கூண்டுக்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். பத்திரிகை படியுங்கள், கீரை ஆயுங்கள். அதைப் பார்க்காமல் அதன் பக்கத்தில் இருப்பதுதான் முதல் பாடம்.

உயரமும் அப்படித்தான். நாய்க்குட்டியின் பயம் தெளிய நாம் தரையில் உட்கார்ந்து சிறியவராக வேண்டும். பட்ஜிக்கு நாம் குனிந்தால் போதாது, கூண்டை உயர்த்த வேண்டும். காட்டில் அதன் சாவு மேலிருந்து வரும், வல்லூறாக வரும். கூண்டைத் தரையிலோ முக்காலியிலோ வைத்தால் நடந்துபோகிற ஒவ்வொருவரும் அதற்கு மேலிருந்து பாய்கிறவர்கள்தான். நம் நெஞ்சுக்கும் கண்ணுக்கும் நடுவில் கூண்டு இருக்கட்டும். ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும். முதுகுப்புறம் காவல் இருந்தால்தான் முன்பக்கம் வரத் துணிவு பிறக்கும். கை எப்போதும் கீழிருந்து, அதன் கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாக வரவேண்டும்.

இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது தடவலும் தீனியும்தான். கொல்கத்தாவின் ஐசர் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களிடம் ஓர் ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் சில நாய்களுக்குத் தொடர்ந்து தீனி கொடுத்தார், சிலவற்றைத் தொடர்ந்து தடவிக் கொடுத்தார். தடவிக் கொடுத்தவரிடம்தான் நாய்கள் கூடுதலாக நம்பிக்கை வைத்தன. குப்பையில் வாழ்கிற நாய்க்கு எலும்புத் துண்டைவிட ஒரு தடவல் பெரிதாக இருக்கிறது என்பது யாரையும் உருக்கும் செய்தி. அதை அப்படியே பட்ஜிக்குப் பொருத்தினால் கெட்டது. பட்ஜி உடம்பைத் தொட விடுவது நெருங்கிய துணையைத்தான். அதுவும் பெரும்பாலும் தலையையும் கழுத்தையும் கோதிவிடுவதோடு சரி. நன்கு பழகிய பட்ஜிகளில்கூடப் பல, தோளில் ஏறி உட்காரும், காதைக் கடிக்கும், ஆனால் முதுகைத் தொட்டால் பறந்துவிடும். அது நன்றிகெட்டதனம் அல்ல. அதன் பாசம் பக்கத்தில் வந்து உட்காருவதில் இருக்கிறது.

தொடுகை திறக்காத கதவைத் தீனி திறக்கும். சங்கப் பாடல்களில் தினைப்புனம் காத்த பெண்கள் கிளி ஓட்டினார்கள். இன்று உலகமெங்கும் பட்ஜியை அழைக்கக் கையில் பிடிப்பது அதே தினைக் கதிரைத்தான். உதிர்த்த தினையைவிடக் கதிர் நல்லது. நீளமாக இருப்பதால் விரலுக்கும் அலகுக்கும் இடையே தூரம் கிடைக்கிறது. கம்பி இடைவெளியில் கதிரை நீட்டிப் பிடித்துக்கொண்டு அந்தப் பறவையைக் கவனியுங்கள். முதலில் இறகு முழுவதும் உடம்போடு படிந்து, பாதி உருவமாக ஒடுங்கிப்போகும். குச்சியில் கால்களை அசைக்காமல் கழுத்தை மட்டும் நீட்டும், பாதி வழியில் இழுத்துக்கொள்ளும். பிறகு கதிரின் நுனியில் ஒரே ஒரு மணியைக் கடித்து, உடனே பின்வாங்கி உரிக்கும். அந்த உமி உங்கள் மணிக்கட்டில் வந்து விழும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போமே என்று கையை முன்னே தள்ளுகிறவர்கள் அடுத்த நாள் மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். நாள் போகப்போகக் கதிரைச் சிறிது சிறிதாகக் குட்டையாகப் பிடித்தால், ஒருநாள் தின்கிற மும்முரத்தில் ஒரு கால் உங்கள் விரல்மேல் இருக்கும். முப்பது நாற்பது கிராம்தான் முழுப் பறவையின் எடை. கால் வைத்ததே சரியாகத் தெரியாது.

கடையில் வேறு வழி சொல்வார்கள். “றெக்கையை ட்ரிம் பண்ணித் தரட்டா தம்பி? ரெண்டே நாள்ல கையில நிக்கும்.” நான் சொல்லும் பதில், “வேணாம்ணே, அப்படியே குடுங்க.” றெக்கை வெட்டிய பறவை கையில் நிற்கிறது, உண்மைதான், வேறெங்கும் போக முடியாததால் நிற்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை விளக்கும். அது நாய்களை வைத்துச் செய்ததுதான். தப்பவே வழியில்லாத மின்அதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பின்னால் தப்ப வழி இருந்தபோதும் எழாமல் படுத்தே கிடந்தன. கையில் இறுகப் பிடித்து, திமிறல் அடங்கும்வரை வைத்திருந்து “பழக்கிய” பட்ஜியின் அமைதியும் இந்தக் கைவிட்ட அமைதிதான் என்பது என் உறுதியான கருத்து. இதில் உயிருக்கே ஆபத்தும் உண்டு. பறவைக்கு நமக்குள்ளதுபோல் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. மார்பை அழுத்திப் பிடித்தால் சத்தமே இல்லாமல் மூச்சு நின்றுவிடும். நாய்க்குட்டியை அணைத்துக்கொள்வதுபோல் பட்ஜியை அணைக்க முடியாது.

நாய் ஓர் ஆளைப் பிடித்துக்கொள்கிறது. பட்ஜி ஒரு கூட்டத்தைத் தேடுகிறது. நிம்மதியாக இருக்கும் பட்ஜிக் கூட்டம் சளசளத்துக்கொண்டே இருக்கும். ஆபத்து தெரிந்தால் சட்டென்று அடங்கும். பயந்த பறவை இருக்கும் அறையில் ஆளுக்கு ஆள் “உஷ்” சொல்லிப் பூனை நடை நடப்பது அதற்கு இன்னும் கலவரம். மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருங்கள், ரேடியோ பாடட்டும், உங்கள் சாப்பாட்டைக் கூண்டருகே உட்கார்ந்து சாப்பிடுங்கள். கூட்டமாக மேய்கிற பறவைக்கு, பக்கத்தில் ஒருவர் தின்பது பயமில்லை என்பதற்கான அறிகுறி. ஒருவர் கொட்டாவி விட்டால் அடுத்தவருக்கும் வருகிறதே, அது பட்ஜிகளிடமும் தொற்றுவதாக 2015இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அந்த அளவுக்குப் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து நடக்கும் உயிர் அது. ஒற்றையாக வளர்த்தால்தான் மனிதரிடம் ஒட்டும் என்பார்கள். சீக்கிரம் ஒட்டலாம், ஆனால் நீங்கள் வேலைக்குப் போகும் பகல் முழுக்க அது தனியாக இருக்கிறது. ஜோடியாகவே வைத்து, துணிந்த பறவையை முதலில் பழக்குங்கள். மற்றது பார்த்துப் பார்த்துப் பின்னால் வரும். கூடுதல் நாள் பிடிக்கும், அதனால் பாதகமில்லை.

சிறு வயது இரண்டிலும் உதவும். பட்ஜியில் அதைக் கண்டுபிடிப்பது எளிது: நெற்றிக் கோடுகள் அலகை ஒட்டிய நாசி வரை இறங்கியிருந்தால், கண்ணில் வெள்ளை வளையம் இல்லாமல் முழுக் கறுப்பாக இருந்தால், மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சு.

நாயின் மனம் வாலிலும் காதிலும் தெரியும், நமக்கும் அது பழகிவிட்டது. பட்ஜியைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தளர்ந்த இறகோடு ஒற்றைக்காலில் நின்று, அலகை அரைத்து மெல்லிய சத்தம் எழுப்பினால் நிம்மதி. நாள் முழுக்க உப்பிக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால் அது சாதுவாகிவிட்டது என்று மகிழாதீர்கள்; நோய். இரையாகும் உயிர்கள் நோயை மறைக்கும், தெரியும் அளவுக்கு வந்துவிட்டால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

வெளியே விடும் நாளில் மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, கண்ணாடிக்குத் திரை போட்டுவிட்டுக் கூண்டுக் கதவைத் திறந்து வையுங்கள். பிடித்து வெளியே எடுக்காதீர்கள். நம்பிக்கை வந்ததா என்பதற்கு இரண்டுக்கும் பொருந்தும் சோதனை ஒன்றுதான். கயிறு இல்லாத நாய் திரும்பி வருகிறதா, முழு றெக்கை உள்ள பட்ஜி பறந்துபோய்விட்டு உங்களிடம் வந்து உட்காருகிறதா?

இரண்டையும் சேர்த்து வளர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாய் உங்களை நம்புகிறது, பட்ஜியும் உங்களை நம்புகிறது. ஒன்றையொன்று நம்பும் என்று அதற்குப் பொருள் இல்லை. எத்தனை சாதுவான நாயானாலும், சடசடத்துப் பறக்கும் ஒன்றைக் கண்டால் பாய்ந்துவிடக்கூடும். பட்ஜி கூண்டுக்கு வெளியே இருக்கும் நேரத்தில் நாய் அந்த அறையில் வேண்டாம், கதவைச் சாத்திவிடுங்கள்.