ஓலையின் அகலமும் உலாவியின் கணக்கும்

ஓலைச்சுவடி எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணி குத்தினால் ஏடு கிழியும் என்பது அவர்கள் அச்சம். எனவே 'பல' என்று எழுதியிருப்பது பலவா, பல்லா என்பதை இடம் நோக்கிப் படிப்பவரே தெளிய வேண்டியிருந்தது. அச்சேறியபின் தீர்ந்த இச்சிக்கல் இணையத்தில் வேறு உருவில் திரும்பி வந்ததை நம்மில் பலர் கண்டிருப்போம். தலைப்புப் பெட்டியின் உயரத்தை வடிவமைப்பாளர் பிக்சல் கணக்கில் முன்பே அறுதியிட்டுவிடுவார். வாசகர் எழுத்தைப் பெரிதாக்கியதும் மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். ஆங்கில எழுத்துக்கு அளந்த பெட்டியில் தமிழை அமர்த்தினால் வேறென்ன ஆகும்?

இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் நடைத்தாளை, அதாவது சி.எஸ்.எஸ்.ஸை, ஹோகோன் வியூம் லீ முன்மொழிந்தது 1994 அக்டோபர் 10 அன்று. பெர்ட் போஸும் அவரும் சேர்ந்து செப்பனிட்ட முதற்பதிப்பு 1996 டிசம்பர் 17 அன்று பரிந்துரையாக வெளியாயிற்று. அதில் பிக்சல் உண்டு, விழுக்காடு உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க மட்டும் வழியில்லை. 'திரையின் முழு அகலத்தில் இருபுறமும் 16 பிக்சல் போக மீதி' என்னும் எளிய சொற்றொடரை அகலத்தின் மதிப்பாக அந்த மொழியில் நேராக எழுத முடியாது. திரையின் அகலம் தெரிந்த பிறகே விழுக்காடு எண்ணாக மாறும். ஆகவே இக்கழித்தலை எழுதுபவர் செய்ய இயலாது, படிப்பவரின் உலாவிதான் செய்ய வேண்டும்.

முயற்சிகள் இல்லாமலில்லை. கணக்குப் போடவல்ல வேறொரு நடைத்தாளை நெட்ஸ்கேப் 1996இல் முன்வைத்தது, அது நிலைக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் 'எக்ஸ்பிரஷன்' என்றொரு வசதி தந்தது. சுட்டி சற்று அசைந்தாலும் அது கணக்கை மறுபடி போடும், பக்கம் ஊரும். 2009இல் வந்த எட்டாம் பதிப்பின் செந்தர நிலையில் அதைக் கைவிட்டார்கள். 2011இல்தான் ஃபயர்பாக்ஸ் 4, எக்ஸ்புளோரர் 9 ஆகியவற்றில் 'கால்க்' என்னும் சார்பு வந்தது. நம் காதுக்குக் கால், அரைக்கால் நினைவுக்கு வருகிறது, தற்செயல் ஒற்றுமைதான். இப்போது 360 பிக்சல் கைபேசியில் பத்தியின் அகலம் 328, 1024 பிக்சல் கணினியில் 992. எழுதியது ஒரே வரி.

இது யாருக்கு வேண்டும்? நீலகிரியின் நெல்லியாளத்தை எண்ணிப் பார்ப்போம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல, டான்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றுக் கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் குடியேறின. அத்தகைய லயன் வீடொன்றில் பாட்டி எழுத்தைப் பெரிதாக்கிக் கைபேசியில் படிக்கும் அதே சிறுகதையைப் பேத்தி கல்லூரிக் கணினியில் படிப்பாள். இருவருக்கும் புள்ளி தப்ப வேண்டும்.

2020க்குள் உலாவிகளில் பரவிய 'மின்', 'மாக்ஸ்', 'கிளாம்ப்' ஆகியவை இங்கே உதவுகின்றன. கிளாம்ப் மூன்று அளவுகளைக் கேட்கும்: கீழெல்லை, விரும்பும் அளவு, மேலெல்லை. வாசகரின் அடிப்படை எழுத்தளவு 16 பிக்சல் என்க. விரும்பும் அளவு அதில் எட்டில் ஏழு பங்கும் திரை அகலத்தில் நூற்றில் ஒன்றும் சேர்ந்தது. 360 பிக்சல் திரையில் 14உம் 3.6உம் கூடி 17.6 வரும். அகன்ற திரையில் மேலெல்லையான 22இல் நின்றுவிடும். அந்த எல்லைகளையும் வாசகரின் அடிப்படை அளவின் மடங்காகவே சொல்ல வேண்டும். திரை அகலத்தை மட்டும் நம்பினால் பாட்டி எத்தனை முறை பெரிதாக்கினாலும் எழுத்து அசையாது. இந்தத் தவறு புதிய தளங்களிலும் மலிந்திருக்கிறது. பெட்டியின் உயரத்தை அறுதியிடாமல், வரி இடைவெளியை எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்கு மேல் விட்டால் புள்ளி பிழைக்கும்.

2023 மார்ச்சில் குரோம் 111உம் ஏற்றதோடு சைன், கோசைன் சார்புகளும் முதன்மை உலாவிகள் அனைத்திலும் வந்துவிட்டன. எழுத்துகளை வட்டமாக அடுக்க அவை உதவும். கதை படிப்பவர்க்கு அவற்றால் பெரும்பயனில்லை. அவர்க்கு அந்தப் பழைய கழித்தலே போதும். அதிலும் கழித்தல் குறியின் இருபுறமும் வெற்றிடம் விட வேண்டும், விடாவிட்டால் உலாவி அந்த வரியையே தள்ளிவிடும்.