அகதி அடுப்பில் வெந்த அரச விருந்து

மதிய உணவு என்பது ஆசிரியனுக்கு இருபது நிமிட வேலை. அடுத்த மணி அடிக்க முன்னர் சோற்றுப் பார்சலை அவிழ்த்து உண்டு கைகழுவிவிட வேண்டும். அத்தகைய என்னைக் கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த பழைய மாணவன் ஒருவன் கொள்ளுப்பிட்டிப் பக்கத்துப் பெரிய இந்திய உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றான். கொலன்னாவையிலிருந்து பஸ் ஏறிப் போன நான் அங்கே இரண்டரை மணிநேரம் இருந்தேன். வெள்ளை விரிப்பு, மெல்லிய சித்தார் ஓசை, அவசரமே இல்லாத பரிமாறல். உணவுப் பட்டியலில் தந்தூரிக் கோழியும் பட்டர் சிக்கனும் ‘அரச விருந்து’ என்ற தலைப்பின் கீழ் இருந்தன.

“சேர், இதெல்லாம் மொகலாய ராசாக்கள் சாப்பிட்டதோ?” என்று அவன் கேட்டான்.

“இல்லைத் தம்பி, இது அகதிகள் சமைத்தது” என்றேன். அவன் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

நேயர்களே, தந்தூர் என்பது பஞ்சாப் கிராமங்களிலே பெண்கள் கூடிநின்று ரொட்டி சுட்ட களிமண் அடுப்பு. 1947இல் இந்தியா பிரிக்கப்பட்டபோது பெஷாவர் நகரம் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அங்கிருந்த இந்துக்களும் சீக்கியரும் டில்லிக்கு ஓடிவந்தனர். பெஷாவரில் ‘மோத்தி மஹால்’ என்ற சாப்பாட்டுக் கடையில் வேலைபார்த்த குந்தன் லால் குஜ்ரால், குந்தன் லால் ஜக்கி ஆகியோரும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் டில்லியின் தரியாகஞ்சில் அதே பெயரில் கடை திறந்தனர். ஊரை விட்டாலும் பெயரை விடவில்லை. சுட்டு விற்காத கோழி காய்ந்து போகாதிருக்கத் தக்காளி, வெண்ணெய், பாலாடை சேர்த்த குழம்பில் அதனை இட்டனர். பட்டர் சிக்கன் அவ்வாறு பிறந்தது என்பதே பலரும் சொல்லும் வரலாறு. அதாவது, மிஞ்சியதை வீணாக்காத சிக்கனம். தக்காளியோ அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. பாபர் அதனைக் கண்டிருக்க மாட்டார். இதனை முதலிற் சமைத்தவர் யார் என்று இரு குந்தன் லால்களின் வழித்தோன்றல்களும் 2024இல் டில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றனர். மிஞ்சிய கோழிக்கு இத்தனை உரித்தாளர்!

ஊர்விட்டுப் போனவன் கடைபோடுவது புதிதன்று. பாட்னாவிற் பிறந்த தீன் மஹோமத் 1810இல் இலண்டனில் இந்திய உணவகம் ஒன்றைத் திறந்து, இரண்டே ஆண்டுகளில் கடனாளியானார். ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட முதல் இந்தியரும் அவரே என்பது இலக்கிய மாணவர் அறிய வேண்டியது.

நம் கொழும்பின் சைவக் கடைகளையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும். புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும், போடிங்குகளில் தங்கிய யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர்களுக்கு அவையே வீடு. 1983 யூலையில் தமிழர் கடைகள் எரிந்தபோது அத்தகைய அடுப்புகள் பலவும் அணைந்தன. பின்னர் வெள்ளவத்தையில் மீண்டும் தோசைக் கல் சூடேறியது. அந்த வரலாற்றை எவரும் பட்டியலில் அச்சிடுவதில்லை.

சிறுபாணாற்றுப்படையை வகுப்பில் நடத்தும்போது நான் ஓரிடத்தில் வழக்கமாகத் தடுமாறுவேன். நல்லியக்கோடன் பொற்கலத்தில் பீமன் நூல்வழிச் சமைத்த உணவை இடும் பகுதியை மாணவர்கள் விரும்புவர். அதற்கு முன்னே, குப்பைக் கீரையை உப்பின்றி அவித்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்ணும் பாணர் குடிப் பெண் வருகிறாள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழையில், வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலம் கடந்தவர்களில் நானும் ஒருவன், வயது பதினைந்து. தென்மராட்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் எட்டுக் குடும்பத்துக்கு ஒரு வகுப்பறை. அம்மா காய்ச்சிய கஞ்சியிலும் உப்பில்லை. அடைக்கக் கதவும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து குடித்தோம்.

இதை நான் அந்த மேசையில் சொன்னேனா? சொன்னேன். விருந்தளித்தவனிடம் சொல்லத் தகாத கதைதான். ஆயினும் அவன் பட்டியலை மீண்டும் எடுத்து, ‘அரச விருந்து’ என்ற அந்தத் தலைப்பை நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தான்.

மிஞ்சிய கறியைப் பெட்டியிற் கட்டித் தந்தார்கள். வெள்ளிக்கிழமை அல்லாதபடியால் வீட்டில் அம்மா அதைத் திறந்து, விரலால் தொட்டு நாவில் வைத்தார்.

“இதென்ன இனிக்குது? உறைப்புக் காணாது” என்றவர், அதனைச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்து, ஊரிலிருந்து வந்த கறித்தூளில் ஒரு கரண்டி போட்டுக் கிளறத் தொடங்கினார்.