தசைநாண் அறுவுக்கான ஊசி சிகிச்சை

அறுந்த தசைநாணை அறுவை சிகிச்சை இல்லாமல் கூடவைக்கும் நோக்கத்துடன், அறுந்த இடத்திலேயே மருந்தையோ நோயாளியின் ரத்தக் கூறையோ செலுத்தும் முறை. பி.ஆர்.பி. எனப்படும் தட்டணுச் செறிவு பிளாஸ்மா இவற்றில் புகழ்பெற்றது. அதிகம் ஆராயப்பட்ட இடம், அக்கிலிஸ் என்றழைக்கப்படும் குதிகால் தசைநாண்.

உடலின் தசைநாண்களில் மிகத் தடித்தது இதுவே. ஆனாலும் பாட்மிண்டன் ஆட்டத்தில் எம்பும்போதோ திடீரென ஓடத் தொடங்கும்போதோ அறுந்துவிடும். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருந்தது என்றே பலரும் சொல்வார்கள். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்கால் சதையை அழுத்தும்போது பாதம் அசையாவிட்டால் தசைநாண் அறுந்திருக்கிறது என்று மருத்துவர் முடிவுக்கு வருவார். குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே உள்ள பகுதியே பெரும்பாலும் அறுகிறது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு. குறைந்த ரத்தத்தை ஊசி வழியே ஈடுசெய்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து பி.ஆர்.பி. இங்கே வந்தது.

நோயாளியின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தைச் சுழற்பொறியில் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும். தட்டணுக்கள் மிகுந்த மஞ்சள் நிறப் பிளாஸ்மாவைத் தனியே எடுக்கலாம். அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்துக்கொண்டே அதில் சில மில்லி லிட்டரை அறுந்த இடைவெளிக்குள் செலுத்துவார்கள். தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் புதிய கொலாஜன் இழைகளைத் தூண்டும் என்பது எதிர்பார்ப்பு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

பிரிட்டனில் நடந்த பாத்-2 ஆய்வு இதைச் சோதித்தது. 19 மருத்துவமனைகளில் 230 பேர். யாருக்கும் அறுவை சிகிச்சை இல்லை. ஒரு பிரிவுக்கு பி.ஆர்.பி. செலுத்தப்பட்டது, மற்றதற்கு ஊசி மட்டும் இடைவெளிக்குள் நுழைத்து எடுக்கப்பட்டது. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. 24 வாரம் கழித்து, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்தச் சொன்னார்கள். இரு பிரிவினரும் நல்ல காலின் திறனில் சராசரியாகப் பாதியைக்கூட எட்டவில்லை; பிரிவுகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடும் இல்லை. 2019-இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகும் பி.ஆர்.பி.யை உறுதியான மருந்தாக விற்பது நேர்மையன்று.

மற்ற ஊசிகளில், அடர் குளுக்கோஸ் ஊசி அறுவுக்கானது என்பதைவிட நாள்பட்ட வலிக்கானது. ஸ்டெம்செல் ஊசி இன்னும் ஆராய்ச்சி நிலையைத் தாண்டவில்லை. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி இதை மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே போடக் கூடாது. ஸ்டீராய்டு ஊசி அறுந்ததைக் கூடவைக்கும் ஊசிகளில் சேராது. வலியைச் சில வாரங்களுக்கு அது அடக்கும்; ஆனால் தசைநாணுக்குள் செலுத்தினால் இழைகள் நலிந்து அறுந்துபோகும் ஆபத்து உண்டு.

ஊசி இல்லாமலும் அறுந்த தசைநாண் கூடும். பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்து வைத்தால் அறுந்த முனைகள் நெருங்கும். அந்த நிலையில் கட்டு அல்லது குதிகால் ஆப்பு வைத்த பூட்ஸ் அணிவித்து, சில வாரங்களில் ஆப்புகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, பிறகு உடற்பயிற்சிக்குப் போவார்கள். நார்வேயில் 500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் அறுவை சிகிச்சை பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். மீண்டும் அறுந்தது அறுவை செய்யாதவர்களில் 6.2 சதவீதம், செய்தவர்களில் 0.6 சதவீதம். நரம்புப் பாதிப்போ அறுவை செய்தவர்களிடமே அதிகம். ஆகவே நோயாளி இன்று எடைபோட வேண்டியது கத்தியையும் பூட்ஸையும்தான். அந்தத் தேர்வில் ஊசிக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.